ரத்தம் கேட்டவள்

காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. நீளமான பலகையில் வரிசையாகக் கம்பிகள் நிற்கும். வயரை அதில் வளைத்துப் போட்டு, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் செருக வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் கட்டி முடிக்கிற பீஸை செக்கிங் போர்டில் மாட்டிப் பார்ப்பார்கள். எல்லா விளக்கும் எரிந்தால்தான் லைன் ஓடும். அதுவரைக்கும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அந்தப் பீஸைக் கட்டியது எவ்வளவு கைதேர்ந்த அக்காவாக இருந்தாலும் செக்கிங் உண்டு. "என்மேல சந்தேகமா?" என்று ஒருத்தியும் கோபித்துக்கொண்டதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எதைக் கேட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற சொந்தக்காரர்கள் நடுவில் வளர்ந்தவள் நான். இங்கேயோ கேட்பதும் சரிபார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி. என் போதாத காலம், அந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வராமல் வெளியேயும் கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்ததும், அதற்குச் சாமான் செய்து கொடுக்கிற கம்பெனிகள் சுற்றிலும் முளைத்தன. தெற்கேயிருந்து எங்களைப் போன்ற பெண்களை ஆள் வைத்துத் தேடிக் கூட்டி வந்த காலம் அது. பென்னலூரில் ஒரு காம்பவுண்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து இருந்தோம். சேர்ந்து என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஷிப்ட் மாறி மாறி வரும். நான் வரும்போது அவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் வரும்போது நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். கூட இருந்தவளின் முகத்தைவிட அவள் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சோறு வடித்து, தனியாக உட்கார்ந்து தின்று, தட்டைக் கழுவி வைத்தால் அன்றைய நாள் முடிந்தது. சில நாட்களில் கம்பெனியை விட்டு வந்ததிலிருந்து மறுபடி போகும்வரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். எனக்கோ வாய் நீளம். பேசாமல் இருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அதனால்தான் அத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காக அப்படிக் காத்திருப்பேன். அத்தான் என் அப்பாவின் அக்கா மகன், எனக்கு முறை மாப்பிள்ளை. புதுக் கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு டெல்லி வரைக்கும் போகிற பெரிய டிரெய்லர் வண்டிக்கு டிரைவர். இந்த வேலையைப் பற்றி அப்பாவிடம் சொல்லி என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். ஒரு நடை போய் வந்தாரென்றால் நாக்பூரில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார், உள்ளே வர மாட்டார். வீட்டுக்கார அம்மாதான் குரல் கொடுப்பார். "இன்னாமே, உங்க மாமன் வந்து நின்னுகினு கீறாரு. போய் மூஞ்சி கழுவிக்கினு வா. எண்ணெ வழியுது பாரு!"

நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். டீ குடிப்போம். அவர் வழியில் பார்த்ததையெல்லாம் சொல்வார், நான் கம்பெனிக் கதையெல்லாம் சொல்வேன். அவர் கொஞ்சமாகப் பேசுவார், நான் நிறுத்த மாட்டேன். "ஏ பிள்ள, மூச்சு விட்டுப் பேசு" என்பார். அவ்வளவுதான் எங்கள் காதல். கையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் அவர் பஸ் ஏற்றிவிட்டுப் போன பிறகு அடுத்த நடை முடிந்து வரும்வரை எனக்கு அது போதும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனி கேண்டீனில் எய்ட்ஸ் பற்றிக் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். படமெல்லாம் காட்டினார்கள். பாதியில் ஆணுறை எப்படிப் போடுவது என்று காட்டப் போகிறார்கள் என்றதும் சூப்பர்வைசர் எழுந்து, "லேடீஸெல்லாம் லைனுக்குப் போங்கம்மா" என்றார். பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு, விட்டால் போதும் என்று எழுந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஏன் சார், எங்களுக்கு அந்த நோய் வராதா?" என்று கேட்டுவிட்டேன். கேண்டீனே சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் விசிலடித்தான். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை. பேச வந்திருந்த அம்மாள்தான், "அவங்க கேட்டதுதான் சரியான கேள்வி" என்று சொல்லி, எங்களுக்குத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டம் நடத்தினார்.

கதவைச் சாத்தியதும் பாருங்கள், வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் திறந்தார்கள். கொசு கடித்தால் வருமா? வராது. கை குலுக்கினால்? வராது. ஒரே பாத்ரூமுக்குப் போனால்? வராது. அப்படியானால் எப்படித்தான் வரும் என்று அவர் நிதானமாக, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இருபது வயது தாண்டிய பெண்கள் நாங்கள். எங்கள் உடம்பைப் பற்றி எங்களிடம் ஒருவர் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கடைசியாகக் கேட்டேன். "கட்டிக்கப் போறவருக்கு இருக்கா இல்லையான்னு எப்படிங்க தெரியும்? ஆளைப் பாத்தா தெரியுமா?"

"ஆளைப் பாத்தா தெரியாது. என்னைப் பாத்தாலும் தெரியாது, உங்களைப் பாத்தாலும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் குடுங்க. முன்னாடியே கேளுங்க. கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல" என்றார் அந்த அம்மாள்.

கேட்பதில் தப்பில்லை. லைனில் தினமும் நடப்பதுதானே! முதல் பீஸைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. எனக்கு அது ரொம்பச் சாதாரணமாகப் பட்டது.

அடுத்த சில மாதங்களில் ஊரில் பேச்சு முடிந்துவிட்டது. அத்தையும் அப்பாவும் உட்கார்ந்து பேசி, ஜாதகம் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எப்போதும்போல டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே, மண்டபம் எது, புடவை எங்கே எடுப்பது என்று பேசுகிற அதே குரலில் கேட்டேன்.

"அத்தான், கல்யாணத்துக்கு முன்னால நம்ம ரெண்டு பேரும் ஒருநா காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் டெஸ்ட் எடுத்துருவோமா?"

"எதுக்கு?"

சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"லாரிக்காரன்னா அப்படித்தான் இருப்பான்னு நெனச்சிட்டியா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலியே! நானுந்தான் எடுக்கப் போறேன். எங்க லைன்ல..." என்று முதல் பீஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். என்ன அறிவு பாருங்கள்! கல்யாணம் பேசிய மாப்பிள்ளையிடம் வயர்க் கட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நான் என்ன உங்க கம்பெனிச் சாமானா?" என்றார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நானே பஸ் ஏறி வந்தேன்.

எனக்கும் கோபம்தான். சும்மா விடுகிற ஆளா நான்? அம்மாவுக்குப் போன் போட்டு, இப்படிக் கேட்டேன், இப்படி முறைத்துக்கொண்டு போகிறார், நீங்களே நியாயம் சொல்லுங்கள் என்றேன். அம்மா நியாயம் சொல்லவில்லை. "அடிப் பாவி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மறுநாள் வீட்டுக்கார அம்மா வீட்டுப் போனுக்கு அப்பா கூப்பிட்டார். "பொருத்தமெல்லாம் பாத்தாச்சு, இனிமே என்னத்தட்டி பாக்கணும்? சொந்தத்துக்குள்ள எவளாச்சும் மாப்பிள்ளைட்ட ரத்தம் கேப்பாளா? எங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கது?" என்று கத்தினார். சொந்தத்துக்குள் அந்த நோயெல்லாம் வராது என்பது அவர் கட்சி. வெளியில் பெண் எடுத்தால்தான் பயப்பட வேண்டுமாம். போன் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்க எனக்கு ரத்தம் கேட்டவள் என்று பெயர் வந்துவிட்டது.

அத்தான் இரண்டு நடை போய் வந்தும் என்னைப் பார்க்க வரவில்லை. ஆரஞ்சுப் பழமும் இல்லை, தொண்டைச் செருமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன். துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று ஒரு மனசு, ஏன் கேட்கக் கூடாது என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்தி. அவர் வந்து நன்றாகத் திட்டினாலும் போதும், வந்தால் சரி என்று இருந்தது.

வந்தார். காலை ஷிப்ட் முடிந்து நாங்கள் வெளியே வருகிற நேரம், கம்பெனி கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு போனேன். அவர் முன்னால் நடந்தார். பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. மத்தியான வெயிலில் அங்கே யாரும் இல்லை. உட்கார்ந்தோம். கார் ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹைவேயில் ஏறிக்கொண்டிருந்தன.

"போனேன்" என்றார்.

"எங்க?"

"நீ சொன்ன எடத்துக்குத்தான். உன் மூஞ்சில அந்தச் சீட்டை விட்டெறியணும்னு வீம்புக்குப் போனேன். ஒரு தடவை எடுத்தாக. அப்புறம் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசிட்டு மறுபடி எடுத்தாக." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருக்குதாம்."

"என்ன இருக்கு?" என்று கேட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

அப்புறம் அவர் தானாகவே சொன்னார். கிளீனராக இருந்த காலத்தில், பத்தொன்பது இருபது வயதில், கூட இருந்த டிரைவர் வழியில் ஓரிடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். போகாவிட்டால் கேலி. "எனக்கு அப்ப என்ன பிள்ள தெரியும்? உங்களுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லுதாங்க. எனக்கு ஒருத்தன் சொல்லலியே. வண்டிக்கு ஆயில் மாத்தச் சொல்லித் தந்தவன்கூட இதச் சொல்லித் தரலியே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். எழுந்து அவரை நாலு சாத்து சாத்தலாம் என்று இருந்தது. யார் யாரையோ திட்ட வேண்டும்போல இருந்தது. அவரைக் கூட்டிப் போன அந்த டிரைவரை, கேலி செய்த கூட்டத்தை, லேடீஸெல்லாம் லைனுக்குப் போங்க என்ற சூப்பர்வைசரை. பிறகு பெஞ்சின் மேல் கிடந்த அவர் கையைப் பார்த்தேன். டெல்லி வரை ஸ்டீயரிங் பிடிக்கிற கை. அதை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். கையைத் தொட்டால் பரவாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்காமல் இருந்தாலும் அன்றைக்குப் பிடித்திருப்பேன். அவர் குழந்தை மாதிரி அழுதார். நாங்கள் முதல் தடவையாகத் தொட்டுக்கொண்டது அப்படித்தான்.

"நீ கேட்டதாலதான் தப்பிச்ச" என்றார்.

தப்பித்துவிட்டேனாம். எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் பிடிக்காது.

பிறகு அவர் தெளிவாகப் பேசினார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருப்பார் போல. "அம்மாட்ட மட்டும் சொல்லிராத. எனக்கு அப்பா இல்லை. என்னை நம்பித்தான் அவ உசிர வச்சிருக்கா. தெரிஞ்சா கெணத்துல விழுந்துருவா. ரத்தம் கேட்டவள நான் கட்ட மாட்டேன்னு சொல்லிருதேன். டெஸ்டுக்கே போகலைன்னு சொல்லிருதேன். எல்லாப் பழியும் உன்மேலதான் வரும். பரவாயில்லையா?"

"வரட்டும். ஏற்கெனவே ரொம்ப நல்ல பேர் வாங்கி வச்சிருக்கேனாக்கும்!"

"சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் வேண்டாம். சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்" என்றேன். பஸ் வந்தது. அவர் என்னை ஏற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

கல்யாணம் நின்றது. ஊரே என்னைத்தான் பேசியது. நாலு காசு சம்பாதிக்கப் போனதும் கொழுப்பு ஏறிவிட்டது, நல்ல பையனை அவமானப்படுத்திவிட்டாள், திமிர் பிடித்தவள். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் எப்போதாவது கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுவாள். எல்லாரிடமும் எதிர்த்துப் பேசிய வாய் எனக்கு. அத்தனைக்கும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை விழுங்கி விழுங்கித் தொண்டையில் சோறு இறங்காத நாட்கள் உண்டு.

பொங்கலுக்கு எங்கள் காம்பவுண்டே காலியாகிவிடும். தெற்கத்திப் பிள்ளைகள் அத்தனை பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நான் போகவில்லை. வீட்டுக்கார அம்மா ஒரு தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாமே, நீ மட்டும் ஊருக்குப் போவல? வூட்ல எதுனா சண்டையா?" என்றார். ஓ.டி. வேலை இருக்குதும்மா என்றேன். கம்பெனிக்கே லீவு விட்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அதைக் காட்டிக்கொள்ளாமல், "சூடா துன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பூராவும் வரிசையாகப் பூட்டிய கதவுகளுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் இருந்தேன். பேசிப் பார்ப்பதற்காகச் சுவரைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் அந்தத் தொண்டு நிறுவனத்து அம்மாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெண்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்கதானே அன்னைக்குக் கேள்வி கேட்டது? அப்புறம் அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "சரின்னாருங்க" என்றேன்.

"பாத்தீங்களா! இந்தத் தைரியம் எல்லாருக்கும் வரணும். இவங்களுக்கு ஒரு கைத்தட்டு குடுங்க!" என்றார். கேண்டீன் முழுக்கக் கைதட்டினார்கள். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். எப்படி வரும், எப்படி வராது, எங்கே போய்ப் பார்ப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த ஆளை என்ன செய்வது, அவர்மேல் வைத்த ஆசையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அத்தான் டெல்லி ஓட்டத்தை விட்டுவிட்டார். கார் நிறுத்துகிற யார்டிலேயே வண்டி எடுத்துவிடுகிற வேலைக்குச் சேர்ந்துகொண்டார். பிறகு அரசாங்கத்தில் மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், தாம்பரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிக்கொள்வார். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார், என்னைவிடத் தெம்பாக. அத்தை காலமான பிறகு, "இனி யாருக்காக மறைக்கணும், எழுது" என்று சொன்னதும் அவர்தான். இதையெல்லாம் இப்போது நான் எழுதுவது அந்தச் சொல்லை வைத்துத்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் அவர் என்னைக் கண்டாலே ஒதுங்குவார். ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் எப்போதாவது எதிரில் வருவார். "சாப்டீங்களா?" என்பேன். "ஆச்சு" என்பார். அவ்வளவுதான், போய்விடுவார். ஒரு தடவை வழியை மறித்து, "இப்படியே கட்டிக்கிட்டா என்னத்தான்? மாத்திரைதான் வந்துருச்சே" என்று கேட்டேன். இன்றைக்கு அப்படிக் கட்டிக்கொண்டு, டாக்டர் சொல்வதைக் கேட்டு, பிள்ளை குட்டியோடு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு தெரியாது. "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்து போனார். அதற்குப் பிறகு மார்க்கெட்டிலும் அவரைப் பார்ப்பது குறைந்துவிட்டது.

அத்தை அவருக்கு வரன் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒன்று மாற்றி ஒன்று வேண்டாம் என்றார். காரணம் கேட்டால் எழுந்து போய்விடுவாராம். ஊரில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். அவள் நினைப்பிலேயே இருக்கிறான், ரத்தம் கேட்டவள் வசிய மருந்து வைத்துவிட்டாள் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் அத்தை. தனியாக, கையில் ஒரு மஞ்சள் பையோடு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதுரையைத் தாண்டி வந்தே பழக்கமில்லாத மனுஷி, விசாரித்து விசாரித்துப் பென்னலூர் வரை வந்திருக்கிறாள். மகனுக்குத் தெரியாதாம்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. முதலில் பேச வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"உன்ட்ட சண்டைக்கு வரலை தாயி. கெஞ்ச வந்திருக்கேன். அவன் எந்தப் பிள்ளையக் காட்டுனாலும் வேண்டாங்கான். எனக்குத் தெரியும், அவன் மனசுல நீதான் இருக்க. வாய்க்கொழுப்புல என்னமோ கேட்டுட்ட, போகட்டும், சின்னப் பிள்ள. கட்டிக்கிடுதேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் அவன் கால்ல விழுந்தாவது சம்மதிக்க வச்சிருதேன்."

எனக்கு ஆம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசை என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் ஆம் என்றால் அத்தை நேரே மகனிடம் போவாள், அவர் மாட்டேன் என்பார், ஏன் என்று இவள் விட மாட்டாள். கடைசியில் உண்மை வெளியே வந்துதான் தீரும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு அவரைப் பிடிக்கலை அத்தை" என்றேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தாள். கிராமத்து மனுஷி என்றால் ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. மகனைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ அன்னைக்குக் கேட்டியே, அந்த நோவு... எம் பிள்ளைக்கு அப்படி ஒண்ணும் இல்லைல்ல?"

அவள் கண்ணில் அப்படி ஒரு பயம். சொல்லிவிட்டால் என் பெயர் தெளிந்துவிடும். அப்பா பேசுவார். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம். இத்தனை வருடமாக நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கிவிடலாம். இறக்கினால் அது நேரே இவள் தலையில் போய் விழும்.

"என்னத்தை நீங்க? அவருக்கு என்ன வந்துச்சு? கல்லு மாதிரி இருக்காரு" என்று சிரித்தேன். சிரிப்பு எப்படி வந்ததோ எனக்கே தெரியாது.

அத்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெருமூச்சு விட்டாள். சொம்பைக் கையில் எடுத்தாள். எடுத்தவள், வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்தினாள். எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப, கல்யாணமாகாத பிள்ளைக்கு அந்த நோவு பேரெல்லாம் எப்படித் தெரிஞ்சது?" என்றாள் மெதுவாக. "அவனுக்கு இல்லை. உனக்கு அவனைப் பிடிக்கலைங்கதும் பொய்யி, உன் கண்ணப் பாத்தாலே தெரியுது. அவனும் யாரையும் கட்ட மாட்டேங்கான், ஏன்னும் சொல்ல மாட்டேங்கான். உன்னைக் காப்பாத்தத்தான் எம் பிள்ளை வாயத் தொறக்கலையா? உனக்குத்தான் இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை அத்தை, எனக்கு இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

"அட பாவி மகளே" என்றாள். அதில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. சொம்பைத் தரையில் வைத்து, விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஊருக்கு வண்டி பிடிக்கத் தாம்பரம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வேறு எதிலாவது ஏறிவிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "பையைக் குடுங்கத்தை" என்று கையை நீட்டினேன். பையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் கிட்டே போகவில்லை. கொஞ்சம் தள்ளியே, வழி மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தேன். ஸ்டாப்பிலும் அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம்.

பஸ் வந்தது. இதுதான் என்று கை காட்டினேன். அத்தை ஏறினாள். நானும் படிக்கட்டுப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேராம்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லைய்யா, நான் மட்டுந்தான்" என்றாள் அத்தை.